மாணவர் ரோபாட் குழுவும் வழித்துணைவரும்

2014ஆம் ஆண்டு புனே நகரின் பாலேவாடி விளையாட்டரங்கில் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் 'ரோபோகான்' போட்டி நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் தாங்களே அமைத்த யந்திரங்களுடன் அதில் கலந்துகொண்டனர். பெற்றோரைப் போற்றுதல் என்பது அவ்வாண்டுப் போட்டிக்குக் கருப்பொருளாக வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குழுவும் இரண்டு யந்திரங்களைக் கொணர்ந்தது. ஒன்று மாணவர் இயக்கும் 'பெற்றோர்' யந்திரம். மற்றது தானே இயங்கும் 'குழந்தை' யந்திரம். பெற்றோர் யந்திரம் குழந்தையை எடுத்துச் சென்று விளையாட்டுத் திடலில் விடவேண்டும். ஊஞ்சல் ஆடுதலும், கம்பங்களின்மேல் நடத்தலும், சட்டங்களைப் பற்றி ஏறுதலும் அத்திடலின் ஆட்டங்கள். எதுவரையில் தூக்கிச் செல்வது, எவ்விடத்தில் கையை விடுவது என்பதே அந்த ஆட்டத்தின் நுட்பம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ரோபாட் குழுக்களுக்குத் துணை நிற்கும் பெரியோர்க்கும் இக்கேள்வியே முதற் கேள்வியாகும். ஊதியம் கருதாமல் வாரத்தில் ஓரிரு மணி நேரத்தைப் பள்ளிக் குழந்தைகளுக்கு அளிக்கும் எஞ்சினீயர்களும், விஞ்ஞானிகளும், ஓய்வுபெற்ற தொழில் வல்லுநர்களும் நம் நாட்டில் பெருகி வருகின்றனர். அவர்கள் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பது ஆராயற்பாலது.

ரோபாட்டின் மூன்று உறுப்புகள்

மாணவர் அமைக்கும் ரோபாட்டுக்கு மனித உருவம் இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது சக்கரங்கள் பூட்டிய ஒரு சிறு வண்டியே. எனினும் அதனிடம் மூன்று செயல்கள் அமைந்திருத்தல் வேண்டும். சுற்றுப்புறத்தை அறிதல் முதலாவது. அறிந்ததைக் கொண்டு முடிவு செய்தல் இரண்டாவது. முடிவின்படி இயங்குதல் மூன்றாவது. முதற்செயலை உணர்கருவிகளும், இரண்டாவதைச் சிறு கணிப்பொறிப் பலகையும், மூன்றாவதை மோட்டார்களும் ஆற்றுகின்றன.

தரையில் வரைந்த கருங்கோட்டைப் பின்பற்றிச் செல்லும் வண்டி இதற்கு எளிய உதாரணமாகும். வண்டியின் அடியில் உள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைத் தரையின்மீது வீசுகிறது. வெண்தரை அக்கதிரைத் திருப்பி அனுப்புகிறது. கருங்கோடு அதில் பெரும்பகுதியை உட்கொண்டுவிடுகிறது. திரும்பி வரும் கதிரின் அளவைக் கொண்டு, வண்டி கோட்டின் மேல் உள்ளதா, விலகியதா என்பதைக் கணிப்பொறிப் பலகை உணர்ந்து, இடப்புற அல்லது வலப்புற மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இவ்வண்டி வகுப்பறையில் செவ்வனே ஓடிவிட்டு, வெயில் படும் கூடத்தில் தடுமாறுவதுண்டு. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் கலந்திருப்பதே அதற்குக் காரணம்.

சரிவில் ஏறமாட்டாத வண்டி மற்றோர் உதாரணம். மோட்டாரில் சிறிய பற்சக்கரத்தையும், அதனைப்போல் மும்மடங்கு பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரத்தைச் சக்கர அச்சிலும் பூட்டினால், வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். திருப்புவிசையோ ஏறக்குறைய மும்மடங்காகும். இவ்விதியைப் பாடப் புத்தகத்தில் படித்த மாணவன், தன் வண்டி சரிவில் நின்றுவிட்ட அன்றுதான் அதன் பொருளை முழுமையாக உணர்கிறான்.

போட்டி பிறந்த வரலாறு

அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் என்பார் புதுமையான முறையில் யந்திர அமைப்புக் கலையைக் கற்பித்து வந்தார். மாணவர் ஒவ்வொருவருக்கும் பலவகைப் பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டி தரப்படும். அவற்றைக் கொண்டே யந்திரம் அமைத்து ஒருவரோடொருவர் போட்டியிடவேண்டும். டீன் கேமன் என்ற புனைவாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பை நிறுவி, ஃபிளவர்ஸின் துணையுடன் இம்முறையைப் பள்ளி மாணவரிடம் கொண்டு சென்றார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களுடன் முதற் போட்டி நடைபெற்றது. இன்று அவ்வமைப்பின் போட்டிகள் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடைபெறுகின்றன.

இம்முறையின் தனிச்சிறப்பு யாதெனில், தொழில் வல்லாரும் மாணவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து வேலை செய்தலே. வெற்றியை நாடும்போதே எதிரணிக்கும் உதவும் பண்பை ஃபிளவர்ஸ் இடைவிடாது வலியுறுத்தினார். வழித்துணைவருக்கென அவர் பெயரால் ஒரு விருது 1996 முதல் அளிக்கப்படுகிறது. அவ்விருதுக்கு உரியவரை மாணவர்களே முன்மொழிகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

புனே நகரின் மரபு

பெரியோர் தம் துறையறிவைப் பள்ளிச் சிறுவர்க்கு நேரில் வழங்கும் வழக்கம் புனேக்குப் புதிதன்று. ஒருபுறம் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், மறுபுறம் 1950இல் திறக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் முதலிய ஆராய்ச்சி நிலையங்களும் நிறைந்த அந்நகரில் கைத்திறனும் கல்வியும் அடுத்தடுத்து வாழ்கின்றன.

1988இல் தோன்றிய பல்கலைக்கழகங்களிடை வானியல், வானியற்பியல் மையத்தின் முதல் இயக்குநர், 2025இல் மறைந்த ஜயந்த் நார்லிகர் ஆவார். கையொப்பம் கேட்டு வரும் சிறுவரிடம், ஓர் அஞ்சலட்டையில் விஞ்ஞானக் கேள்வி ஒன்றை எழுதி அனுப்பினால் விடையுடன் கையொப்பமும் கிடைக்கும் என அவர் கூறுவது வழக்கம். கோடை விடுமுறையில் பள்ளி மாணவர் ஒரு வாரம் அம்மையத்திற்குச் சென்று, ஒரு விஞ்ஞானியின் துணையுடன் ஏதேனுமொரு பொருளை ஆராயும் ஏற்பாடும் அங்கு உருவாயிற்று. அதற்கு வகுத்த பாடத்திட்டம் எதுவுமில்லை. மாணவரும் வழிகாட்டியும் கூடிப் பேசி வேலையை வகுத்துக்கொள்வர்.

அம்மையத்தின் சிறுவர் விஞ்ஞானக் கூடத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணிபுரிந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் பயின்று, புனே டெல்கோ தொழிற்சாலையில் பணியாற்றிய இவர், 1978இல் விடுமுறை பெற்று மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானக் கல்வித் திட்டத்திற்குச் சென்றார். சைக்கிள் வால்வுக் குழாயின் சிறு துண்டுகளையும் தீக்குச்சிகளையும் இணைத்து அவர் அமைத்த உருவங்கள் புகழ் பெற்றவை. அம்முறையில் நான்கு குச்சிகளால் ஆன சதுரம் கை பட்டவுடன் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணமோ உறுதியாக நிற்கும். ரோபாட்டின் சட்டத்திற்குக் குறுக்குச் சட்டம் ஏன் வேண்டும் என்பதை விளக்க இதனினும் எளிய சோதனை வேண்டுவதில்லை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

புனே மாவட்டத்தின் வறட்சி மிக்க பாபல் கிராமத்தில் டாக்டர் எஸ். எஸ். கல்பாக் 1983இல் 'விஞ்ஞான ஆசிரமம்' நிறுவினார். உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சியாளராக இருந்து, பணியை விடுத்துக் கிராமத்திற்குச் சென்றவர் அவர். எஞ்சினீயரிங், எரிசக்தியும் சுற்றுப்புறமும், மனையும் நலமும், வேளாண்மையும் கால்நடையும் ஆகிய நான்கு துறைகளில் பள்ளி மாணவர் வாரத்தில் ஒரு நாள் கையால் வேலை செய்து கற்கும் முறையை அவர் வகுத்தார். ஊருக்குப் பயன்படும் வேலைகளைச் செய்தே கற்பது அம்முறையின் உயிர்நிலை. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தனக்கு வெளியே அமைத்த முதல் 'ஃபேப் லேப்' என்னும் சிறு ஆக்கக்கூடம் 2002இல் இக்கிராமத்திலேயே அமைந்தது.

அரசின் திட்டம்

இவ்வகை முயற்சிகளுக்கு நாடு தழுவிய வடிவத்தை அளித்தது நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம். 2016இல் தொடங்கிய அவ்வியக்கம், தேர்ந்தெடுத்த பள்ளிகளில் 6 முதல் 12 வரையுள்ள வகுப்பினருக்காக 'அடல் டிங்கரிங் லேப்' என்னும் செய்முறைக் கூடங்களை நிறுவுகிறது. கூடம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கப்படுகிறது. அதில் 10 லட்சம் அமைப்புச் செலவிற்கும், எஞ்சியது ஐந்தாண்டு வரையிலான நடைமுறைச் செலவிற்கும் உரியது. உணர்கருவிகள், கணிப்பொறிப் பலகைகள், முப்பரிமாண அச்சுப்பொறி முதலியவை அங்கு இடம்பெறுகின்றன. இத்தகைய கூடங்கள் ஏறத்தாழ 10,000 நிறுவப்பட்டுள்ளன. மேலும் 50,000 கூடங்கள் ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் அமையும் என 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

யந்திரங்களை விலைக்கு வாங்கிவிடலாம். அவற்றை இயக்கும் பழக்கத்தை விலைக்கு வாங்க இயலாது. அறிந்தவர் ஒருவர் அருகில் இல்லாவிடில், விலையுயர்ந்த கருவிகளும் பூட்டிய அலமாரியில் உறங்கும். இதனை உணர்ந்தே, வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஊதியமின்றி உதவும் வழித்துணைவர்களைச் சேர்க்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. கூடத்திற்கு ஒருவர் எனக் கொண்டாலும், அறிவித்த கூடங்கள் யாவும் அமையும்போது 60,000 பெரியோர் தேவைப்படுவர்.

உதவியின் எல்லை

வழித்துணைவரின் பணியை ஒரு குறைபாட்டைக் கொண்டு விளக்கலாம். மாணவர் அமைத்த வண்டி ஒன்று புறப்பட்டவுடன் நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது எனக் கொள்வோம். செயல்நிரலில் பிழை இருப்பதாக எண்ணி மாணவர் அதனைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுகின்றனர். பயன் விளையவில்லை.

அனுபவமுள்ள எஞ்சினீயருக்குக் காரணம் நொடியில் புலப்படும். நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைக் காட்டிலும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்கலத்தின் அழுத்தம் 7.4 வோல்ட் என்றும், கலத்தின் உள்தடையும் கம்பிகளின் தடையும் சேர்ந்து அரை ஓம் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஓடும்போது 1 ஆம்பியர் சென்றால் அரை வோல்ட் குறைந்து 6.9 வோல்ட் எஞ்சும். புறப்படும் கணத்தில் 6 ஆம்பியர் சென்றால் 3 வோல்ட் குறைந்து 4.4 வோல்ட்டே எஞ்சும். 5 வோல்ட் வேண்டும் பலகை அக்கணமே செயலிழந்து, அழுத்தம் மீண்டதும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இவ்விடத்தில் வழித்துணைவர் மூன்று வழிகளில் ஒன்றை மேற்கொள்ளலாம். தாமே மின்கலத்தை மாற்றி வண்டியை ஓடச் செய்தல் ஒன்று. வண்டி ஓடும், மாணவர் கற்றது எதுவுமிராது. வாளாவிருத்தல் இரண்டாவது. சில நாட்களில் மாணவர் மனம் தளர்ந்து, இக்கலை தமக்கு வராது என்று முடிவு செய்துவிடக்கூடும். "வண்டி சரியாக எந்தக் கணத்தில் நிற்கிறது? சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தாலும் நிற்கிறதா?" என்று வினவி, வோல்ட்மீட்டரை மேசைமேல் வைத்தல் மூன்றாவது. இம்மூன்றாவது வழியே வழித்துணைக்கு உரியது.

காரணம் விளங்கியபின் தீர்வு பலவாகும். பலகைக்குத் தனி மின்கலம் வைக்கலாம். தடிப்பான கம்பிகளை இடலாம். வேகத்தைப் படிப்படியாக ஏற்றும்படி செயல்நிரலைத் திருத்தலாம். எது தக்கது என்பதைக் குழுவினர் தமக்குள் வாதிட்டுத் தெளியவேண்டும். தவறான தீர்வைத் தேர்ந்தாலும், ஆபத்து இல்லாத வரையில், அதனைச் செய்து பார்க்க விடுதலே முறை. போட்டி நாள் நெருங்கும்போதுதான் இப்பொறுமைக்குச் சோதனை ஏற்படுகிறது. இரவோடிரவாகப் பெரியோர் முடித்துக் கொடுத்த யந்திரம் பரிசு பெறலாம். ஆனால் அது ஏன் அவ்வாறு இயங்குகிறது என நடுவர் வினவும்போது, மாணவர் அருகிலுள்ள பெரியோர் முகத்தை நோக்குவர். யந்திரம் எவருடையது என்பது அப்பார்வையில் வெளிப்பட்டுவிடும்.

கை விடலாகாத இடங்களும் உள. மின்ரம்பம், 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும் பற்றாசுக்கோல், தவறாக மின்னேற்றினால் தீப்பற்றும் லித்தியம் மின்கலம் ஆகியவற்றில் வினவிக் கற்பித்தல் பொருந்தாது. கண்ணாடி அணிதல் முதலிய காப்பு விதிகளைக் கட்டளையாகவே கூறி, உடன் நிற்றல் வேண்டும். கருவியைச் சிலரே எப்போதும் பற்றிக்கொள்ளாமல், சிறுமியர்க்கும் கூச்சமுள்ளோர்க்கும் சமமாகக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதும் பெரியோரின் கடமை. மாணவர் வீட்டில் பேசும் மொழியிலேயே விளக்குதலும் இன்றியமையாதது. மராத்தி வழியில் பயிலும் சிறுவனாயினும், தமிழ் வழியில் பயிலும் சிறுமியாயினும், மோட்டாரின் ஆங்கிலப் பெயர்களை அறியாததால் மோட்டாரையே அறிய இயலாதவர் என்று பொருளாகாது.

தமிழகத்து வீடுகளில் குழந்தை நடை பழக நடைவண்டி கொடுப்பதுண்டு. அது குழந்தையைச் சுமந்து செல்வதில்லை. பற்றிக்கொள்ள ஒரு பிடியைத் தருகிறது. அடி எடுத்து வைப்பது குழந்தையே. கோவையின் பட்டறைகளிலும், சென்னையின் தொழிற்சாலைகளிலும், ஓய்வுபெற்றோர் இல்லங்களிலும் இவ்வாறு பிடி கொடுக்க வல்லோர் பலர் உள்ளனர். அருகிலுள்ள பள்ளியில் ஒரு செய்முறைக் கூடம் இருக்குமாயின், வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கு சென்று, மாணவர் செய்வதைப் பார்த்து, அவர்கள் கேட்கும்வரை காத்திருத்தல் நல்ல தொடக்கமாகும்.