கற்பனைக் கோளின் மொழி

மொழி மக்கள் நாவில் பிறந்து தலைமுறைதோறும் வளர்வது. இதற்கு மாறாக, கதைமாந்தர் பேசுவதற்கெனத் தனியொருவர் உருவாக்கிய மொழிகளும் உள்ளன. ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரில் வரும் வேற்றுக்கோள் போர்வீரர்களின் மொழியாகிய கிளிங்கன் அவற்றுள் ஒன்று. 1984இல் வெளிவந்த திரைப்படத்திற்காக மொழியியல் அறிஞர் மார்க் ஓக்ராண்ட் இதனை விரிவாக வடிவமைத்தார். மறு ஆண்டே இதற்கு அகராதியும் வெளிவந்தது.

அயலாக ஒலிக்கும் மொழி

வேற்றுக்கோளினரின் மொழி கேட்போர்க்குப் புதிதாக ஒலிக்க வேண்டும். எனினும், மனித நடிகர்களால் அதனைப் பேச இயல வேண்டும். ஆகவே, ஓக்ராண்ட் உலக மொழிகளில் வழங்கும் ஒலிகளையே தேர்ந்து, அவை வழக்கமாக ஒருங்கே அமையாத வகையில் இணைத்தார். நம் டகரத்தை ஒத்த வளைநா ஒலியும் அவற்றுள் அடங்கும்.

தொடரமைப்பிலும் இப்புதுமையைக் காணலாம். ‘அவன் மரத்தை வெட்டினான்’ என்பது தமிழின் இயல்பான வரிசை. கிளிங்கனிலோ ‘மரத்தை வெட்டினான் அவன்’ என்பதுபோல், செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் இறுதியிலும் அமைவதே இயல்பு. உலக மொழிகளில் இவ்வரிசை மிக அரிது.

பெயர்ச்சொற்களின் பன்மை விகுதி மூவகைப்படும். பேசும் ஆற்றலுடைய உயிர்களுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று என அவை வழங்குகின்றன. உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டை அறிந்த நமக்கு இம்முறை முற்றிலும் அயலானதன்று.

இலக்கணமும் வாழ்வும்

கற்பனை மாந்தர்க்கு மொழி அமைப்பதற்கு முன்பே, பேசுவோரை இழந்த மொழியொன்றுக்கு ஓக்ராண்ட் இலக்கணம் எழுதியிருந்தார். கலிபோர்னியாவின் தொல்குடி மொழிகளுள் ஒன்றான முட்சுன், அதனைச் சரளமாகப் பேசிய இறுதி மூதாட்டி 1930இல் மறைந்தபோது வழக்கொழிந்தது. முன்னோர் பதிவுசெய்த குறிப்புகளைக் கொண்டு அதன் இலக்கணத்தை ஆராய்ந்து, அவர் 1977இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இத்தகைய பதிவுகளின் துணையுடன் தம் மொழியை மீட்டெடுக்க முயன்று வருகின்றனர்.

கிளிங்கனைக் கற்போர்க்கென 1992இல் ஓர் அமைப்பு தோன்றியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகமும் அதில் மொழிபெயர்க்கப்பட்டது. ஆயினும், அதனைத் தாய்மொழியாகக் கொண்ட சமூகம் எங்கும் இல்லை. முட்சுன் மக்களோ இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் இழந்தது தம் மொழியையே. அகராதியும் இலக்கணமும் ஒரு மொழியைக் காத்துவைக்கும். வீட்டிலும் வீதியிலும் அதனைப் பேசும் மக்களே அதனை வாழ்விக்க இயலும்.