நாய்க்குட்டிக்கு லண்டனைக் காட்டுவது எப்படி?

லண்டன் பாதாள ரயில் நிலையங்களிலேயே மிக நீளமான எஸ்கலேட்டர் ஏஞ்சல் நிலையத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 60 மீட்டர். அதில் ஏறி நிற்பவரின் மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி மூக்கை நீட்டுகிறது. வயது பத்து வாரம். எதிர்ப்பக்கம் இறங்கிப் போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. யாரோ உரக்கத் தும்ம, அதன் உடம்பு ஒருமுறை நடுங்குகிறது. எஜமானரின் கை மார்பைத் தடவிக்கொடுக்க, நடுக்கம் அடங்குகிறது. நகரத்தைப் பற்றி அந்தக் குட்டி கற்கிற முதல் பாடம் இதுதான்: சத்தம் வரும், போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை.

நம் ஊரில் நாய் வாசலைக் காக்கும். லண்டனில் நாய் வீட்டுக்காரரோடு ரயிலேறும், ஆற்றங்கரையில் நடக்கும், உணவகத்தில் மேசைக்கடியில் படுத்திருக்கும். அப்படி ஒரு நாயாக அது வளருமா என்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

ஏன் இந்த அவசரம்?

நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் 1965இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆவது வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதாக ஏற்கும். அதற்குப் பிறகு பார்ப்பதையெல்லாம் சந்தேகத்தோடு அணுகத் தொடங்கும். பிரிட்டனில் 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே வாங்கியவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு வாரம்தான்.

சிக்கல் என்னவென்றால், தடுப்பூசி முடியாத காலமும் அதுவே. முதல் ஊசி வழக்கமாக 8ஆவது வாரத்தை ஒட்டிப் போடப்படும். அடுத்தது இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து. அதற்கும் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகே முழுப் பாதுகாப்பு. குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்; பிற நாய்கள் மலம் கழித்த புல்லை முகர்ந்தாலே ஆபத்து.

வழி ஒன்று உண்டு. குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். கால் தரையில் படாமலே கண்ணும் காதும் மூக்கும் நகரத்தைக் கற்றுக்கொள்ளும். எப்போது தரையில் விடலாம் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

ரயிலில் என்ன விதி?

லண்டன் பாதாள ரயிலில் நாய்க்குக் கட்டணம் இல்லை. கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், அல்லது கூடையில் வைத்திருக்க வேண்டும். இருக்கையில் ஏற்றக் கூடாது. ஓடும் எஸ்கலேட்டரில் நாயைக் கட்டாயம் தூக்கிக்கொள்ள வேண்டும். படி தரையோடு சேரும் இடத்தில் விரல்கள் சிக்கிக்கொள்ளும். பேருந்தில் ஏற்றுவது ஊழியரின் விருப்பம். நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது குட்டிக்கும் நல்லது, நாய் என்றால் அஞ்சும் சக பயணிக்கும் நல்லது.

எங்கே போகலாம்?

கையில் தூக்கித் திரியும் வாரங்களுக்கு ஏற்றது தேம்ஸின் தென்கரை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பாலம் வரை ஆற்றோரம் நடந்தே போகலாம். தெருப் பாடகர்கள், சக்கர நாற்காலிகள், படகின் ஊதல், குழந்தைகளின் கூச்சல் என்று ஒரு குட்டி அறிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அங்கே உண்டு. அரை மணி நேரம் போதும். அதற்குமேல் குட்டிக்குத் தூக்கம் வந்துவிடும்.

தரையில் நடக்க அனுமதி கிடைத்ததும் ஹைட் பூங்கா. அதன் வடக்கு ஓரத்தில், வேலிக்குப் பின்னால், செல்லப் பிராணிகளுக்கென்றே ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. 1881இல் செர்ரி என்ற மால்டீஸ் நாயை அடக்கம் செய்ததில் தொடங்கியது அது. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் கற்களைப் பார்த்தால், இந்த நகரம் நாய்களின் மேல் வைத்திருக்கும் பாசம் எவ்வளவு பழையது என்று புரியும்.

அடுத்து பாட்டர்சீ பூங்கா. மருத்துவக் கல்லூரி விரிவுரையில் உயிரோடு அறுக்கப்பட்டு 1903இல் இறந்த ஒரு பழுப்பு நாய்க்கு பாட்டர்சீயில் 1906இல் சிலை வைத்தார்கள். அதை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் கலகம் செய்தார்கள். 1910இல் சிலை அகற்றப்பட்டது. 1985இல் இந்தப் பூங்காவில் புதிய சிலை எழுந்தது. மேரி டீல்பி 1860இல் தொடங்கிய நாய்கள் காப்பகம் இன்று இயங்குவதும் இதன் அருகில்தான். குட்டி வாங்க எண்ணுபவர்கள் முதலில் அங்கே ஒரு நடை போய் வரலாம்.

சொன்ன பேச்சைக் கேட்கப் பழகிய பிறகு ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற பரந்த திறந்தவெளி. ரிச்மண்ட் பூங்கா கடைசியில். அங்கே நூற்றுக்கணக்கான மான்கள் சுற்றித் திரிகின்றன. மே முதல் ஜூலை வரை அவை குட்டி ஈனும். அப்போது நாய்களைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே கூடாது. தாய்மான் நாயைத் துரத்தித் தாக்கும்.

கியூ தாவரவியல் பூங்காவிலும் லண்டன் மிருகக்காட்சி சாலையிலும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களுக்கு மட்டுமே அனுமதி.

உணவகங்களில் சமையல் நடக்கும் இடத்துக்குள்தான் நாய் போகக் கூடாது; சாப்பிடும் இடத்தில் அனுமதிப்பது உரிமையாளரின் முடிவு. பல பப்களில் நாய்க்கென்று ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருப்பார்கள்.

சட்டம் என்ன கேட்கிறது?

இங்கிலாந்தில் 2016 முதல் ஒவ்வொரு நாய்க்கும் 8 வாரத்துக்குள் மைக்ரோசிப் கட்டாயம். பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். நாய் கழித்த மலத்தை அள்ளாமல் போனால் உடனடி அபராதம் பெரும்பாலும் 100 பவுண்ட். நீதிமன்றம் வரை போனால் 1,000 பவுண்ட் வரை ஆகலாம்.

லண்டனில் நாய்க்கு இத்தனை கதவுகள் திறந்திருப்பது, நாய் வைத்திருப்பவர்கள் இந்த விதிகளை மதித்து நடப்பதால்தான். ஒருவர் அள்ளாமல் விட்டுப்போகும் அசுத்தம், அடுத்தவர் வீட்டுக் குட்டிக்கு நோயாக வந்து சேரும். குட்டியோடு கிளம்பும்போது இரண்டு பைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.