அரை மணி நேரப் பிரசவம்

பீர்மேட்டு மலையில் குட்டிக்கானத்தை ஒட்டிய பள்ளிக்குன்று தேவாலயக் கல்லறையில், ஜே. டி. மன்றோ துரையோடு அவருடைய குதிரை டவுனியும் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கியவர் இதே மன்றோதான். பீர்மேட்டுத் துரைமார்களுக்கு அன்று குதிரைதான் கால். இன்று தோட்டத் தொழிலாளர் லயங்களில் இருப்பது பசு. அது ஈனுவது எல்லோருக்கும் பழகிய சங்கதி. அந்தப் பழக்கத்தைக் குதிரையிடம் கொண்டுபோனால்தான் வம்பு.

குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம். நாள் நெருங்கினால் மடி இறங்கும். காம்பு நுனியில் தேன்மெழுகுபோல் ஒரு துளி உறைந்து நிற்கும். அது தெரிந்தால் அநேகமாக ஓரிரு நாள்தான். ஆனால் ஆள் நடமாட்டம் இருந்தால் தள்ளிப்போடும். பெரும்பாலும் லாயம் அடங்கிய நள்ளிரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி தரையில் கிடக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? பசுவின் நஞ்சு, பொத்தான் போட்டதுபோல் கருப்பையில் பல இடங்களில் கெட்டியாகப் பிடித்திருக்கும். ஈற்று இழுத்தாலும் கன்று கொஞ்சம் தாங்கும். குதிரையின் நஞ்சோ சுவர் முழுக்க மெல்லிசாக ஒட்டியிருப்பது, சீக்கிரம் கழன்றுவிடும். முதலில் வெளுத்த சவ்வும் அதற்குள் முன்னங்கால்களும் தெரிந்தால் நல்லது. சிவப்பு வெல்வெட் துணிபோல் வந்தால், மருத்துவர் வரட்டும் என்று நிற்காமல் அதைக் கிழித்துக் குட்டியை இழுத்துவிட வேண்டும்.

பிறந்த குட்டியின் குளம்பைப் பாருங்கள். நுனியில் நுங்குபோல் மெத்தென்று விரல் விரலாகத் தொங்கும். தாயின் வயிற்றைக் கிழிக்காமலிருக்க இயற்கை போட்ட உறை. நடக்க நடக்கத் தேய்ந்து உதிர்ந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் குட்டி எழ வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் நஞ்சு விழ வேண்டும். பசுவுக்கு 12 மணி நேரம் பொறுப்போம். குதிரைக்குப் பொறுத்தால் கிருமி ஏறிக் குளம்புவரை கெடும். தொங்கும் நஞ்சைக் கையால் இழுக்கவும் கூடாது.

சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டுத் தின்னும் ஆசை நமக்கு உண்டு. குதிரைக்குட்டிக்கோ அதுதான் முதல் தடுப்பூசி. நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றிலேயே வந்து சேர்வதில்லை. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்ளே விடாது.

ஆடி மழையில் ஈனினால் காய்ந்த வைக்கோலும் துணியும் கூடுதலாக வேண்டும். கால்நடை மருத்துவரின் எண்ணைச் சினையின் பத்தாம் மாதமே வாங்கி வையுங்கள். மலைப்பாதையில் அவர் வந்து சேர அரை மணி போதாது.