எழுதப் பயம், அனுப்பத் துணிச்சல்

செகந்திராபாத்தில் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் ஓய்வுபெற்ற தமிழர்கள் கூடியிருக்கும் வாட்ஸ்அப் குரூப் எதையாவது திறந்து பாருங்கள். ரயில்வேயிலும் பி.எச்.இ.எல்.லிலும் வங்கியிலும் முப்பது வருஷம் கோப்பு எழுதிப் பழகிய கைகள். ஆனால் தெருவில் சாக்கடை வழிவதைப் பற்றிச் சொந்தப் பெயரில் நாலு வரி எழுதச் சொன்னால், "எதுக்கு சார் வம்பு? கேஸ் போட்டுடுவான்" என்பார்கள். அதே பெரியவர் காலைக் காப்பி ஆறுவதற்குள், யார் எழுதியது என்றே தெரியாத பத்துச் செய்திகளை ஐந்து குரூப்புக்கு அனுப்பியிருப்பார். அதில் ஒன்று ஏதாவது ஒரு மதத்தாரை வசைபாடும். இன்னொன்று ஒரு பெண் தலைவரின் நடத்தையைப் பற்றிக் கிசுகிசுக்கும்.

சட்டம் இதை அப்படியே தலைகீழாகப் பார்க்கிறது. சாக்கடை பற்றிய நாலு வரிக்கு அரசியல் சாசனத்தின் 19(1)(அ) துணை நிற்கும். அந்த இரண்டு ஃபார்வர்டுக்கும் துணைக்கு எதுவும் வராது.

தமிழருக்கு நன்கு தெரிந்த உதாரணம் நடிகர் எஸ்.வி.சேகர். 2018 ஏப்ரலில் அப்போதைய தமிழக ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒரு பெண் நிருபரின் கன்னத்தில் தட்டிய சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை சேகர் தன் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியது அவர் இல்லை, வேறொருவர். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாக வாதம் வைக்கப்பட்டது. அறுபதைத் தாண்டியவர் யாரும் அந்த வாதத்தைக் கேட்டு லேசாகச் சிரிக்க முடியாது. கண்புரை அறுவை முடிந்த வாரத்தில் நாமும் அப்படித்தான் தடவித் தடவி அனுப்புகிறோம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. ஒரு செய்தியை முன்னனுப்புகிறவர் அதன் விளைவுக்கும் பொறுப்பு என்பதே அதன் சாரம். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளியது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. ஆக, "நான் எழுதலை, வந்ததை அனுப்பினேன்" என்ற சமாதானம் சட்டத்தின் முன் செல்லுபடியாகாது.

ஃபார்வர்ட் என்றாலே குற்றம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012 ஏப்ரலில் மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தைத் தன் குடியிருப்புச் சங்கத்தினருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படத்தை வைத்த கிண்டல், அவ்வளவுதான். அவரோடு சங்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளரையும் சேர்த்துக் கைது செய்தார்கள். வழக்கிலிருந்து பேராசிரியர் விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். பொறியாளர் அதைப் பார்க்கவில்லை. 2019இலேயே இறந்துவிட்டார். தீர்ப்பு சாதகமாக வருவது வேறு, அது வரும்வரை உயிரோடு இருப்பது வேறு. வயதானவர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வழக்கில் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடியோடு நீக்கிவிட்டது. செத்த பிரிவின் பேரில் பிறகும் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்ததைக் கண்டு, 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இப்போதும் யாராவது "66ஏ-ல உள்ள போட்டுடுவோம்" என்று மிரட்டினால் அஞ்ச வேண்டாம்.

ஹைதராபாத்துக்கு வருவோம். இங்கே பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச் 12 அன்று, ஒரு விவசாயி முதல்வர் ரேவந்த் ரெட்டியைக் கடுஞ்சொற்களால் திட்டும் வீடியோவை வெளியிட்டதற்காக இரண்டு பெண் பத்திரிகையாளர்கள் கைதானார்கள். சில நாளில் ஜாமீன் கிடைத்தது. அடுத்தது காஞ்சா கச்சிபௌலி. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரில் புல்டோசர்கள் இறங்கியபோது நகரமே கொதித்தது. நடைப்பயிற்சிப் பூங்காக்களில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. அந்தக் கொதிப்பில் உண்மைப் படங்களோடு செயற்கை நுண்ணறிவு வரைந்தவையும் கலந்து ஓடின. அதில் ஒன்று, அங்குள்ள காளான் பாறைக்கு முன்னால் புல்டோசர்கள் நிற்க, மயிலும் மானும் பார்ப்பதுபோல ஜப்பானிய அனிமேஷன் பாணியில் அமைந்த படம். அதை மறுபகிர்வு செய்த ஐஏஎஸ் அதிகாரி ஸ்மிதா சபர்வாலுக்கே கச்சிபௌலி போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. வாக்குமூலம் தந்த அவர், இரண்டாயிரம் பேர் அதே படத்தைப் பகிர்ந்திருக்கிறார்களே, அவர்கள் எல்லோருக்கும் இதே நடவடிக்கைதானா என்று பொதுவெளியில் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இரண்டாயிரத்தில் எத்தனை தாத்தா பாட்டிகளோ!

அவருக்கு வந்தது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) 179ஆம் பிரிவின் நோட்டீஸ், அதாவது சாட்சியாக விசாரிக்க அழைப்பது. இந்தப் பிரிவு முதியவர்களுக்கு முக்கியம். அறுபது வயதைத் தாண்டிய ஆண், எந்த வயதுப் பெண், உடல் ஊனமோ கடும் நோயோ உள்ளவர் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 65 ஆக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 60. இதை அறியாமல் வெயிலில் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனில் போய்க் காத்திருப்பவர்கள் உண்டு.

நோட்டீஸில் 179 இல்லாமல் 35(3) என்று இருந்தால் நீங்கள் சாட்சி இல்லை, குற்றம் சாட்டப்படும் நிலையில் இருக்கிறீர்கள். அதற்குப் போய்த்தான் ஆக வேண்டும், வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு. ஆனால் சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதே 35இன் ஏழாம் உட்பிரிவு, மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில் அறுபது கடந்தவரையோ உடல் தளர்ந்தவரையோ டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்கிறது. நல்ல கேடயம்தான், ஆனால் ஓட்டைக் கேடயம். சமூக ஊடக வழக்குகளில் வழக்கமாகப் போடும் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) பிரிவுகளான 196 (பிரிவினரிடையே பகை மூட்டுவது), 353 (பீதியோ பகையோ கிளப்பும் வதந்தி), 79 (பெண்ணை இழிவுபடுத்தும் சொல்) மூன்றிலும் தண்டனை 'மூன்று ஆண்டு வரை'. மூன்றுக்குக் 'குறைவாக' இல்லை. சட்டம் எழுதியவர்கள் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் எத்தனையோ பெரியவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தவை நீதிமன்றங்கள். கவிஞரும் எம்பியுமான இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகாரில் மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை என்றால், உடனே எஃப்ஐஆர் போடாமல் பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்வதே முறை என்றது. இன்னும் நெருக்கமானது தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 10 தீர்ப்பு. காங்கிரஸையும் முதல்வரையும் விமர்சித்த எக்ஸ் பதிவுகளுக்காகப் போடப்பட்ட மூன்று எஃப்ஐஆர்களை நீதிபதி என்.துகாராம்ஜி ரத்து செய்தார். அதோடு மாநிலப் போலீஸுக்கு நெறிமுறைகளையும் வகுத்தார். அவதூறுப் புகாரைப் பாதிக்கப்பட்டவரே தர வேண்டும், வழியில் போகும் தொண்டர் தர முடியாது. அவதூறு பிடியாணையின்றி விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல என்பதால் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக் கூடாது, நீதித்துறை நடுவரிடம்தான் போக வேண்டும். வன்முறையைத் தூண்டாத கடுமையான அரசியல் விமர்சனத்துக்கு வழக்கு இல்லை. உங்கள் ஸ்டேஷனில் யாராவது மிரட்டினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பென்ஷன் பயம் தனி ரகம். "கவர்ன்மென்ட்டைத் திட்டினா பென்ஷன் நின்னுடும்" என்பது இங்குள்ள மத்திய அரசு ஓய்வூதியர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. ஓய்வூதியம் அரசு இஷ்டப்பட்டால் தரும் பிச்சையல்ல, உரிமை என்று 1971இலேயே தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வூதியருக்கு நன்னடத்தை நிபந்தனை உண்டு என்பது உண்மை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வூதியத்தில் கை வைக்க, கடுமையான குற்றத்தில் தண்டனையோ பெரும் ஒழுங்கீனமோ வேண்டும். கொள்கை விமர்சனம் அதில் சேராது. உண்மையில் கட்டுப்பாடு இருப்பது உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கு. 2021 மே மாத விதித்திருத்தப்படி, பழைய அலுவலகத்தின் வேலைப் பரப்பைப் பற்றி அவர்கள் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது.

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டிய பக்கம். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி தென்னிந்தியா முழுக்க ஓடியது. போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவைக் கும்பல் அடித்தே கொன்றது. அதே மாதம் ஹைதராபாத் சந்திராயன்குட்டாவில் ஒரு திருநங்கை அதே புரளிக்குப் பலியானார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பாதிப்பேர், "பேரப்பிள்ளைகள் ஜாக்கிரதை" என்ற அக்கறையில் அனுப்பியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அக்கறைதான் வதந்தியின் வாகனம். இதே தெலங்கானாவில் கத்வால் மாவட்ட எஸ்பியாக இருந்த ரெமா ராஜேஸ்வரி ஊர் ஊராகப் போலீஸாரை அனுப்பி, தப்பு அடித்துப் பாட்டாகவே எச்சரிக்கை சொல்லவைத்தார்.

வயதைச் சொல்லிக் குத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 65 தாண்டிய ஃபேஸ்புக்காரர்கள் மிக இளையவர்களைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச்செய்திகளைப் பகிர்ந்ததாகக் கண்டது. கல்வி, கட்சிச் சார்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. ஆனால் மொத்தத்தில் பொய்ச்செய்தி பகிர்ந்தவர்கள் பத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அதை அனுப்புவதற்கு முன் தமிழில் யூடர்ன், தெலுங்கில் ஹைதராபாத்திலேயே இயங்கும் ஃபேக்ட்லி போன்ற தளங்களில் ஒரு தேடல் போதும்.

குரூப் அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. கரூர் வழக்கறிஞர்கள் குரூப் சம்பந்தப்பட்ட வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அட்மின் என்பதற்காக மட்டும் உறுப்பினர் போட்ட செய்திக்கு ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றது. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களின் கருத்தும் அதுவே.

கடைசியாக, சட்டம் தெரியாத பயத்தையே முதலாக்கும் கூட்டம். "உங்கள் நம்பரிலிருந்து சட்டவிரோதச் செய்தி போயிருக்கிறது, வீடியோ காலில் இருங்கள்" என்று தொடங்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி. 2025 செப்டம்பரில் ஹைதராபாத்தில் 76 வயது ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் இப்படி நாள்கணக்கில் மிரட்டப்பட்டு, ஆறு லட்சத்துக்கு மேல் இழந்து, மாரடைப்பில் இறந்தார். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில், பிரிவு 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த 'நோட்டீஸ்' எதுவானாலும் போனை வைத்துவிட்டு 1930க்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

நோட்டீஸ் உண்மையாகவே கையில் வந்துவிட்டால் பதிவை அவசரமாக அழிக்காதீர்கள். நோட்டீஸுக்கு முன் தவறு உணர்ந்து நீக்கித் திருத்தம் போடுவது நாணயம். பின் அழிப்பது ஆதாரத்தை அழித்ததாகப் பேசப்படும். முழு உரையாடலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எஃப்ஐஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைது அச்சம் இருந்தால் முன்ஜாமீனுக்கு பிஎன்எஸ்எஸ் 482, வழக்கையே ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் 528. வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாதென்றால் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச உதவி உண்டு என்பதை வீட்டம்மாக்களிடம் சொல்லி வையுங்கள். உங்களையே யாராவது ஆபாசமாகத் திட்டினால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார், அங்கே தீராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு, குற்றமென்றால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம். இத்தனையில் எதை முதலில் செய்வதென்று குழம்பினால் முதியோர் உதவி எண் 14567. இந்தச் சேவை முதலில் தொடங்கியது ஹைதராபாத்தில்தான். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை எடுப்பார்கள்.