தண்ணீர் பட்டதும் பாலாகும் வாசனை

விலை கொடுத்து வாங்கிய வாசனைத் திரவியம் போத்தலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ‘சிறிது தண்ணீர் கலந்தால் இன்னும் பத்து நாள் வருமே’ என்று ஊற்றுகிறோம். கண்ணாடி போல் இருந்த திரவம் நொடியில் பாலாக வெளுத்துவிடுகிறது. கெட்டுப்போய்விட்டதா? இல்லை. அதுவரை கரைந்திருந்த வாசனை எண்ணெய் இப்போது வெளியே வந்து நிற்கிறது.

வாசனைப் பொருள்கள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. ரோஜாவில் உள்ள பினைல்எத்தில் ஆல்கஹால் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 20 கிராம் கரையும். பன்னீர் மணப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதியான லிமோனீனோ சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும்.

இவற்றை ஒரே போத்தலில் சேர்த்து வைப்பது எத்தனால். அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும். மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். பேசாத இரு வீட்டாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் பெரியவர் மாதிரி. தண்ணீர் கூடினால் எத்தனால் அதன் பக்கம் சாய்ந்துவிடும். அப்போது எண்ணெயின் கரைதிறன் சீராகக் குறைவதில்லை. மடங்கு மடங்காகச் சரிகிறது. வெளியேறும் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகி ஒளியைச் சிதறடிக்கிறது. நாம் பார்க்கும் பால் நிறம் அதுதான்.

தீபாவளிச் சந்தைக்காக வீட்டிலேயே வாசனைத் திரவியம் தயாரிக்கும் இளையர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கைக்காசு மிஞ்சும். முதலில் எண்ணெயை ஆல்கஹாலில் முழுமையாகக் கரையுங்கள். தண்ணீர் தேவையென்றால் கடைசியில், துளித்துளியாக. சாம்பிராணிப் பிசின் போன்ற கெட்டியானவற்றை முதலில் டைபுரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்து, பிறகு ஆல்கஹாலில் சேர்ப்பது வழக்கம். ஒரு கரைப்பான் தனியாகச் செய்ய முடியாததை இரண்டு சேர்ந்து செய்யும்.

குளிரிலும் கரைதிறன் குறையும். அதனால்தான் நிறுவனங்கள் கலவையைக் குளிரவைத்து, கலங்கி வருவதை வடிகட்டிய பிறகே போத்தலில் அடைக்கின்றன. தண்ணீர் கூடியதால் கலங்கிய கலவையில் சிறிது எத்தனால் சேர்த்தால் பெரும்பாலும் மீண்டும் தெளியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயின்ட்டுக்குப் பயன்படும் ஸ்பிரிட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். அதுவும் வாசனையை அழகாகக் கரைக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் அந்த நஞ்சு, அளவு மீறினால் கண்பார்வையையே பறித்துவிடும். அழகுசாதனப் பொருளுக்கு உரியது என்று குறிப்பிட்டு விற்கப்படும் எத்தனாலையே வாங்குங்கள். அடுப்புக்கு அருகில் கலக்காதீர்கள்; எத்தனால் எளிதில் தீப்பற்றும்.

கலங்கிய போத்தலைச் சரிசெய்துவிடலாம். தெளிந்திருக்கும் போத்தலில் எந்த ஸ்பிரிட் இருக்கிறது என்பதைத்தான் விற்பவரும் வாங்குபவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.