தசை எரிப்பது எதை?

உழைக்கும் தசை தன் புரதத்தையே எரித்துச் செலவிடுகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1842இல் முன்வைத்த கருத்து, சோதனைச் சான்றைவிட அவர் பெயருக்கிருந்த செல்வாக்கினாலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது எனலாம். அதைச் சோதித்தறிய, சூரிச் பேராசிரியர்களான அடோல்ஃப் ஃபிக்கும் யோஹன்னஸ் விஸ்லிசேனுசும் 1865 ஆகஸ்டில் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபால்ஹார்ன் மலையின் உச்சிவரை 1,956 மீட்டர் உயரம் ஏறினர். முதல் நாள் நண்பகலிலிருந்தே புரத உணவை அறவே தவிர்த்து, கொழுப்பில் பொரித்த மாவுச்சத்து அப்பங்களையும் சர்க்கரையையும் தேநீரையும் உட்கொண்ட அவர்கள், பயணம் நெடுகத் தங்கள் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தனர். புரதம் சிதையும்போது அதன் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியா என்னும் கழிவாகச் சிறுநீரில் வெளியேறுவதால், செலவான புரதத்தை அதிலிருந்தே கணக்கிடலாம்.

66 கிலோ எடையுள்ள ஃபிக் தம் உடலை மேலேற்றச் செய்த வேலை மட்டுமே ஏறத்தாழ 1,29,000 கிலோகிராம்-மீட்டர், அதாவது அத்தனை கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்துவதற்குச் சமம். புரதம் எரிந்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்பதை ஃபிக்கின் சகோதரியை மணந்திருந்த ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் 1866இல் அளந்து சொன்னபோது, செலவான புரதம் அந்த வேலையில் ஏறத்தாழப் பாதிக்கே போதுமானது என்பதும், எஞ்சியதற்குக் கொழுப்பும் மாவுச்சத்துமே எரிபொருளாயின என்பதும் புலனாயின.