வழி தவறிய நாய்

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில், எங்கள் வீட்டு வாயிற்படியின் ஓரத்தில் பழுப்பு நிற நாய் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. அது தெருநாய் அன்று என்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிற்று. கழுத்தில் தோல்பட்டை, பட்டையில் சிறியதொரு பித்தளை வில்லை, அதில் 'மணி' என்ற பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் பொறித்திருந்தன. வேலை எளிதில் முடிந்தது என்று மகிழ்ந்து அந்த எண்ணை அழைத்தேன். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்ற விடையே மீண்டும் மீண்டும் வந்தது.

மணி ஏன் ஓடி வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. மனிதனின் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் உணரும். நாயின் செவியோ 45,000 வரை உணர வல்லது. நமக்கு எட்டாத மெல்லிய ஓசையும் அதற்கு எட்டும். அத்தகைய செவியருகே அணுகுண்டு வெடியைக் கொளுத்தினால் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவதில் வியப்பென்ன? நமக்குப் பண்டிகை, அதற்குப் பிரளயம்.

"நாய்க்குத் தன் வீட்டு வழி தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரிவதுண்டு. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தொலைந்துபோன பாபி என்ற நாய், ஆறு மாதம் நடந்து, 1924 பிப்ரவரியில் ஆரிகன் மாநிலத்திலுள்ள தன் ஊருக்கு வந்து சேர்ந்தது. நடந்த தொலைவு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். 2020-இல் செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 27 வேட்டை நாய்களின் மீது இடங்காட்டும் கருவிகளைப் பொருத்திக் காட்டில் ஓடவிட்டார்கள். பெரும்பாலானவை தம் மோப்பத்தைப் பின்பற்றிப் போன வழியே திரும்பின. வேறு புதுவழியில் திரும்பியவற்றுள் பல, முதலில் வடக்கு தெற்காகச் சுமார் 20 மீட்டர் ஓடிப் பார்த்துவிட்டே திசையை நிச்சயித்தன. பூமியின் காந்தப் புலத்தை அவை உணர்கின்றன போலும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

ஆனால் காட்டில் தன் விருப்பத்தால் ஓடும் நாய் வேறு. நகரத்தில் அச்சத்தால் ஓடும் நாய் வேறு. வழியெங்கும் வாகனங்கள், பிற நாய்களின் எல்லைகள், மோப்பத்தைக் கழுவிச் செல்லும் மழை. பாபியின் கதை உலகப் புகழ் பெற்றதே அது அருமையாக நிகழ்வது என்பதனால்தானே! லண்டன் மாநகரில் இப்படித் திரியும் நாய்களைக் கண்டு இரங்கிய மேரி டீல்பி என்ற அம்மையார், 1860-ஆம் ஆண்டிலேயே அவற்றுக்கென ஒரு புகலிடம் தொடங்கினார். 1871-இல் அது பாட்டர்சீ என்னும் பகுதிக்கு மாறி, இன்றளவும் நடைபெற்று வருகிறது.

மணியை ஒரு கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கைப்பிடியுள்ள ஒரு கருவியை அதன் தோள்களின் நடுவிலும், பின் இரு பக்கங்களிலும் மெல்ல நகர்த்தினார். "சில்லு ஏதும் இல்லை" என்றார்.

அவர் தேடியது மைக்ரோசிப் என்னும் நுண்சில்லு. அரிசி மணியளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் அது அடங்கியிருக்கும். ஊசியின் மூலம் தோலுக்கடியில் செலுத்துவார்கள். அதில் மின்கலம் இல்லை. கருவியிலிருந்து வினாடிக்கு 1,34,200 அதிர்வுகளுடைய அலை வரும்போது, உள்ளேயுள்ள நுண்ணிய கம்பிச் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. அந்த ஒரு கண வலிமையில் சில்லு தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கேட்டாலன்றிப் பேசாத குட்டி வானொலி நிலையம் என்று அதைச் சொல்லலாம்! அதன் குரல் ஒரு சாண் தொலைவுக்குமேல் எட்டாது. ஆகவே, நாய் எங்கே இருக்கிறது என்பதை அது வீட்டிலிருப்பவருக்குக் காட்டும் என்று பலர் எண்ணுவது தவறு. தவிர, அதில் உரிமையாளரின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. எண் மட்டுமே உண்டு. அந்த எண்ணுக்குரிய பெயரையும் முகவரியையும் ஒரு பதிவேட்டில் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இங்கேதான் இடையூறு நேர்கிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, விலங்குப் புகலிடங்களுக்கு வந்த வழிதவறிய நாய்களில் பொதுவாக நூற்றுக்கு 22-ம், சில்லு உள்ளவற்றில் 52-ம் வீடு திரும்பின என்று கண்டது. பூனைகளிடையே வேறுபாடு இன்னும் பெரிது: பொதுவாக நூற்றுக்கு இரண்டுகூட இல்லை, சில்லு உள்ளவற்றில் 38-க்கு மேல். ஆயினும், சில்லு இருந்தும் உரிமையாளர் கிடைக்காமற் போனதற்கு முதற் காரணம், பதிவேட்டிலிருந்த தொலைபேசி எண் மாறிப்போனதே! இங்கிலாந்தில் 2016 முதல் நாய்களுக்குச் சில்லு கட்டாயம். முகவரி மாறினால் பதிவேட்டையும் திருத்த வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் அடங்கும். பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற 1992-ஆம் ஆண்டு ஆணையும் அங்கே உண்டு. இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணமும். பட்டை அறுந்து விழலாம், சில்லு விழாது. ஆனால் பட்டையைப் படிக்கத் தெருவில் போகும் எவராலும் முடியும். சில்லைப் படிக்கக் கருவி வேண்டும்.

தெருநாய்களுக்கும் ஓர் அடையாளம் உண்டென்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டில் கருத்தடை செய்யப்பட்ட நாயின் காது நுனியில் சிறிது வெட்டி விடுவார்கள். அந்த நாயைப் பரிவினால் வீட்டுக்கு இழுத்துச் செல்வது உதவியாகாது. அதற்குத் தெருவே வீடு. வீட்டு நாயென்று தெரிந்தாலும், துரத்தாதீர்கள். தலைக்கு மேலாகக் கையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, தாழ அமர்ந்து, அதுவாக வரும் வரை காத்திருங்கள். தப்பித்தவறிக் கடித்துவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அதை வீட்டில் மறைக்க வேண்டாம்.

மணி எங்களிடம் நான்கு நாள் இருந்தது. சோறு தின்னும், தின்றபின் வாயிலையே பார்த்துக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் அதைக் கயிற்றில் பிடித்துத் தெருத்தெருவாக நடந்தேன். நான்காம் நாள் மாலை, ஒரு தேநீர்க்கடைக்காரர், "இது நம்ம வாத்தியார் நாயல்லவா?" என்றார். வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டே தெரு தள்ளி! ஓய்வு பெற்ற அந்த ஆசிரியர் எதிர்த்திசையில் நான்கு நாளாகத் தேடியிருக்கிறார். நாய் அவர் மேல் தாவி விழுந்ததையும், அவர் பேச்சு வராமல் நின்றதையும் என்னால் வருணிக்க இயலாது. சிறிது நேரம் கழித்து வில்லையைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

"எண்ணை மாற்றி மூன்று வருடமாயிற்று" என்றார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, பட்டையின் உட்புறத்தில் புது எண்ணை எழுதத் தொடங்கினார். மணி அசையாமல் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.